உறுப்பினர் அலுவலகத்து நாற்காலி

நாங்கள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் அவளை எல்லாரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் வேகமாக நடந்து யாரும் பார்த்ததில்லை. படுக்கையில் கிடப்பவரைப் புரட்டிப் படுக்க வைக்கும்போதும், வாயில் கரண்டி வைக்கும்போதும் ஒரே சீர்தான். "நீ வந்து சேர்றதுக்குள்ள எனக்குப் பசியே செத்துப் போயிடுது" என்று மூன்றாம் அறைத் தாத்தா திட்டுவார். வேறு யாராவது ஊட்டப் போனாலோ வாயை இறுக்க மூடிக்கொள்வார்.

அவள் கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்தவள். புருஷன் பேருந்து ஓட்டுநர், மகள் கல்லூரியில் படிக்கிறாள். இங்கே ஓட்டுரிமையும் வாங்கியாயிற்று. பிறந்த ஊரில் அம்மாவும் தம்பியும் மட்டும் இருக்கிறார்கள். அங்கே சண்டை மூண்டதும் ஊரைப் படைகள் சுற்றி வளைத்துக்கொண்டன. மருந்து லாரிகள் எல்லையில் வரிசை கட்டி நிற்க, உள்ளே விட மாட்டேன் என்கிறது அந்த நாட்டு அரசு. அம்மாவுக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் இல்லாமல் முடியாது.

போன் கிடைக்கிற அன்று, துணி மடிக்கும் அறையில் தம்பியோடு பேசுவாள். போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, தலையணை உறைகளை மடித்துக்கொண்டே இருப்பாள். ஒருநாள் நானும் பக்கத்தில் நின்று மடித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா பாதி மருந்துதான் ஏத்திக்கறாங்க, அக்கா. மிச்சம் பிடிக்கறாங்களாம்."

"மிச்சம் பிடிக்க அது என்ன சோப்பா? காலைப் பார்த்தியா? புண் ஏதாவது?"

"சுண்டுவிரல் கொஞ்சம் கறுத்திருக்கு."

அவள் கை நின்றுவிட்டது. சர்க்கரைக்காரருக்கு விரல் கறுத்தால் என்னவாகும் என்று எங்கள் வேலையில் இருப்பவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கவனிக்காமல் விட்டால் விரல், பிறகு பாதம், பிறகு ஆளே.

அந்த அரசுக்கு ஆயுதமும் கடனும் கொடுப்பது நம் அரசு. வழியைத் திற என்று சொல்கிற இடத்தில் இருந்துகொண்டு வாயைத் திறக்கவில்லை. எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் அவையில் எழுந்து கேட்டால், அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். அதைக் கேட்கத்தான் விடுமுறை நாளில் நாங்கள் ஆறேழு பேர் அவர் அலுவலகத்துக்குப் போனோம்.

"ஐயா ஓய்வெடுக்கறாரு. கொஞ்சம் உட்காருங்க" என்றார் உதவியாளர்.

எங்களிடம் போய் இப்படிச் சொன்னால் என்ன ஆகும்? வேலைப் பழக்கம், எல்லாரும் கப்சிப் என்று ஆகிவிட்டோம். காற்றில் தடதடத்த கதவுக்கு அடியில் எங்கள் இல்லத்துச் சமையல்காரம்மா காகிதத்தை மடித்துச் செருகினாள். செருப்பு சத்தம் போடுகிறது என்று ஒருத்தி கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். போனில் கத்திக்கொண்டு உள்ளே வந்த ஒப்பந்தக்காரர் ஒருவரை, "மெல்லப் பேசுங்க, உள்ள தூங்கறாரு" என்று நிதானமே அடக்கிவிட்டாள். சாயங்காலம் வாளியும் கையுமாக வந்த கூட்டுகிற அம்மா எங்களை விநோதமாகப் பார்த்தாள்.

"யாருக்காகம்மா உட்கார்ந்திருக்கீங்க? ஐயா மத்தியானமே பின்வாசல் வழியாப் போயாச்சே!"

வரும் வழியெல்லாம் சமையல்காரம்மா சிரிப்பை அடக்க முடியாமல் வந்தாள். "தொட்டில் ஒண்ணுதான் நாம ஆட்டல." நிதானம் சிரிக்கவில்லை.

மறுநாள் மூன்றாம் அறைத் தாத்தா வழக்கம்போல் சாப்பிட மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் போனாள், வந்தாள், மறுபடி போனாள், வந்தாள். கடைசியில் காலிக் கிண்ணத்தோடு வெளியே வந்தவள் நடைபாதையில் என்னை நிறுத்தினாள்.

"பெரியக்கா, வேண்டாம்னு சொல்றவரை ஒரு தடவை கேட்டுட்டு விட்டுடுவோமா?"

"விட்டா வேலையை விட்டே அனுப்பிடுவாங்க."

"அப்ப அந்த ஆளை மட்டும் ஏன் விட்டுட்டு வந்தோம்?"

அப்படித்தான் ஷிப்ட் போட்டோம். அலுவலகம் திறப்பதிலிருந்து மூடும் வரை எங்களில் ஒருத்தியாவது அங்கே காத்திருப்பவர்களுக்குப் போட்ட நாற்காலியில் இருப்போம். எழுந்து போகிறவள் அடுத்தவளிடம், படுக்கையோரத்தில் நின்று சொல்வதுபோலவே சொல்லிவிட்டுப் போவாள்: வந்தார், டீ குடித்தார், நம்மைப் பார்க்கவில்லை. நிதானத்தின் புருஷனுடைய சிநேகிதர்களான ஓட்டுநர்களும் முறை வைத்து வந்தார்கள். சமையல்காரம்மா முக்காலியைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போய்விட்டாள். சாக்கடை அடைப்புக்கும் தெருவிளக்குக்கும் வந்தவர்களிடம், நாங்கள் எதற்காக வந்திருக்கிறோம் என்று சொன்னோம். பலர் போகும்போது, "அந்த மருந்து லாரி விஷயத்தையும் கவனிங்க" என்று தங்கள் பங்குக்கும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

உதவியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, இது என்ன ஆஸ்பத்திரியா?"

"ஆஸ்பத்திரின்னா இதுக்குள்ள வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்களே, தம்பி."

ஒருநாள் நான் எழுந்து நிதானம் உட்காரும் நேரத்தில், பின்வாசல் பக்கம் போன உறுப்பினர், முக்காலியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். எதிர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"இது வேற நாட்டு விவகாரம்மா. நான் ஒருத்தன் கேட்டா லாரி நகர்ந்துடுமா?"

"ஒருத்தர் கேட்டு நகராதுங்க ஐயா. அதனாலதான் மத்த உறுப்பினருங்க வாசல்லயும் ஆள் போட்டிருக்கோம்."

"போட்டிருக்கீங்களா?"

"நாளைக்குப் போடுவோம். நீங்க முதல்ல எழுந்திருங்க."

அவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்காமல் அம்மாவின் விரலைப் பற்றிச் சொன்னாள். தம்பி ஊசிமருந்தை ஈரத்துணி சுற்றிய பானைக்குள் வைத்திருப்பதையும், அடுத்த தெருவில் ஒரு பிள்ளைக்கு அதுவும் இல்லை என்பதையும் சொன்னாள். குரல் ஏறவே இல்லை. அவர் கையிலிருந்த டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

அவர் அவையில் எழுந்து கேட்டார். அமைச்சர் வளவளவென்று என்னவோ சொல்லி மழுப்பினார். ஆனால் அடுத்தடுத்து வேறு சிலரும் எழுந்தார்கள், நம் அரசுக்குக் கூச்சம் வந்தது. ஒரு வார்த்தை அங்கே போய்ச் சேர்ந்தது. சில நாட்களுக்கு வழி திறந்தார்கள்.

தம்பி போன் செய்தான். விரலை எடுத்துவிட்டார்கள், பாதம் தப்பியது. பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது: "அழாதடி. இன்னும் ஒம்பது விரல் இருக்கு, போதும்."

போன வாரம் மறுபடி வழியை அடைத்துவிட்டார்கள். கையிருப்பு சில வாரங்களுக்குத்தான் வருமாம். செய்தி வந்த அன்று நிதானம் கடைசி உறையை மடித்து அடுக்கிவிட்டுப் பையை எடுத்தாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றேன்.

"நாற்காலி காலியா இருக்கும், பெரியக்கா."

இந்தத் தடவை பக்கத்துத் தொகுதியிலும் உட்காரப் போகிறோம், ஆள் போதவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்கு இன்னும் யாரும் கிடைக்கவில்லை. வர முடிந்தவர்கள் துணி மடிக்கும் அறைக்கு வந்து சொல்லுங்கள். ஐயா ஓய்வெடுக்கிறார் என்று அங்கே சொல்வார்கள். சத்தமாகவே பேசுங்கள்.