தாம்பூலப் பையில் போன புத்தகம்

‘எங்கள் பதிப்பகம்’ என்று பன்மையில் எழுதுவது ஒரு பழக்கம். இருப்பது நான் ஒருவன்தான். மன்னார்குடியில் எங்கள் வீட்டு முன்னறைதான் அலுவலகம். புத்தகம் வந்ததும் ஐந்தைந்து பிரதிகளாகக் கட்டி, தஞ்சாவூர், கும்பகோணம் கடைகளுக்கு பஸ்ஸில் ஏற்றிவிடுவேன். ஆறு மாதம் கழித்துக் கட்டு திரும்பி வரும். நான் போட்ட முடிச்சுகூட அவிழ்ந்திருக்காது. ஒரு கடையில் மட்டும் பிரித்து, அட்டையின் மேல் டீ கிளாஸ் வைத்திருந்தார்கள். கவனிக்கப்பட்ட புத்தகம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் போட்டது ஓய்வுபெற்ற ஒரு கிராமச் செவிலியரின் அனுபவங்கள். மன்னார்குடிக்கும் கூத்தாநல்லூருக்கும் இடையிலுள்ள ஊர்களில் முப்பது வருடம் பிரசவம் பார்த்தவர். எல்லோருக்கும் நர்சம்மா. வெளியீட்டு விழாவுக்கு வந்தவர்களில் அவருடைய சொந்தக்காரர் அல்லாதவர்கள் நானும் மைக்செட்காரரும்தான்.

எட்டு மாதம் கழித்து நர்சம்மா வந்தார். சுவரோரம் அடுக்கியிருந்த கட்டுகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார்.

“தம்பி, மறைக்காம சொல்லுங்க. படிக்க ஆள் இல்லேன்னா எல்லாத்தையும் நானே எடுத்துட்டுப் போயிடுறேன். ரெண்டாவது நோட்டு பாதி எழுதியிருக்கேன். அதையும் மூடி வச்சிடலாம்.”

“ஆவணி வரைக்கும் பொறுங்க” என்றேன்.

ஆவணியில் கல்யாணங்கள். எனக்கு மிஞ்சியிருந்த ஒரே யோசனை தாம்பூலப் பை. தேங்காய், வெற்றிலை பாக்கோடு இப்போது மரக்கன்று, எவர்சில்வர் கிண்ணம் எல்லாம் கொடுக்கிறார்கள். புத்தகம் என்ன பாவம் செய்தது? நர்சம்மா கையில் பிறந்த ஒரு பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம் என்று கேள்விப்பட்டு, அவள் அப்பாவை வயலில் போய்ப் பார்த்தேன்.

“கல்யாணத்துல பிரசவப் புத்தகமா சார்? நல்லாருக்குமா?” என்றார், நாற்றங்காலிலிருந்து நிமிராமலே.

வரப்பில் நின்ற அவர் மனைவி, “பின்ன கல்யாணம் எதுக்குப் பண்றாங்களாம்?” என்றார்.

முன்னூறு பிரதிகள் போயின.

முகூர்த்தம் முடிந்து, சாப்பிட்டவர்கள் கிளம்பத் தொடங்கியபோது நான் மண்டப வாசலருகே நின்றிருந்தேன். பையை வாங்கியவர்கள் தேங்காயை ஆட்டிப் பார்த்தார்கள். வெற்றிலையைப் பார்த்தார்கள். புத்தகத்தை எடுத்து அருகிலிருந்த நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார்கள். பஸ்ஸில் போகிறவர்களுக்குக் கனம். நர்சம்மா பந்தியில் இருந்தார். அவர் வருவதற்குள் நாற்காலி நாற்காலியாகப் பொறுக்கினேன். கை கழுவிவிட்டு வந்தவர் நேரே என் எதிரில் நின்றார். பதினான்கு புத்தகங்களை முதுகுக்குப் பின்னால் மறைக்க முடியாது.

ஒன்றை வாங்கிப் புரட்டினார். “வெத்தல ஈரம் பட்டிருக்கு. வெயில்ல வைங்க” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, பை கொடுக்கும் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அப்போது வந்தவர் மீசை வைத்த பருத்த ஆள்.

“நீ டிராக்டர்காரர் மவன்தானே?”

“ஆமாங்க நர்சம்மா.”

“நாப்பத்தோராம் பக்கம் எடு. கால் முதல்ல வந்தவன் நீ. உங்கப்பா வாசல்ல மயக்கம் போட்டு விழுந்தாரு, அதுவும் இருக்கு.”

அவர் நின்றபடியே படித்தார். “பேரு போடலியே?”

“போட்டா உங்கப்பா கோச்சுக்குவாரு.”

அவர் மனைவி அதைப் பிடுங்கிச் சத்தமாகப் படித்தார். பத்து நிமிடத்தில் மேசையைச் சுற்றிக் கூட்டம். ஆளாளுக்குத் தங்கள் பக்க எண்ணைக் கேட்டார்கள். புத்தகத்தை விட்டுப் போனவர்களில் சிலர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து என்னிடமே வாங்கிக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் பூதலூர்ப் பக்கம். “எங்க ஊருக்கெல்லாம் நீங்க வரலீங்களா?” என்று ஒரு அம்மாள் குறைபட்டார்.

“அங்க வேற நர்ஸ். அவங்கள எழுதச் சொல்லுங்க.”

அப்போது மாலையோடு மணப்பெண்ணே வந்தாள். பின்னால் அவள் அப்பாவும் சம்பந்தியும்.

“நான் எந்தப் பக்கம் நர்சம்மா?”

அச்சுக்குக் கொடுத்தபோது நான் செய்த வேலை நினைவுக்கு வந்தது. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்று அச்சாகும். சில பக்கங்கள் மட்டும் அடுத்த ஃபாரத்துக்குள் நீண்டதால், அந்த ஃபாரத்தை மிச்சம் பிடிக்க ஒரு அத்தியாயத்தை வெட்டியிருந்தேன். ‘கொஞ்சம் தொய்வாக இருக்கிறது’ என்று நர்சம்மாவிடம் காரணம் சொன்னேன். அதில் பிறந்தது யார் என்று கேட்கவில்லை. நர்சம்மா என்னை ஒரு பார்வை பார்த்ததும் யார் என்று தெரிந்துவிட்டது.

“நீ அதுல இல்ல கண்ணு” என்றார் அவளிடம். “என்னைப் பாடாப் படுத்துனவங்களத்தான் எழுதியிருக்கேன். நீ பாட்டுக்கு வந்துட்ட.”

பெண்ணின் அப்பா திரும்பினார். “கேட்டுக்கிட்டீங்களா சம்பந்தி? பொறக்கும்போதே யாருக்கும் தொந்தரவு குடுக்காத பொண்ணு.”

அவர்கள் உள்ளே போனதும் நர்சம்மா என் பக்கம் வந்தார்.

“ஒண்ணரை நாள் வலி தம்பி. நடுவுல நானே அழுதுட்டேன். அதைத்தான் தொய்வுன்னீங்க.”

நான் கையிலிருந்த புத்தகங்களைச் சரியாக அடுக்கினேன்.

“வீட்டுக்குப் போய் நோட்டை எடுக்கப் போறேன். புதுப் புத்தகத்துல அதுதான் மொத அத்தியாயம். ஒரு வரியில கை வச்சாலும் வேற பதிப்பகத்தைப் பார்த்துக்குவேன்.”

மன்னார்குடியில் வேறு பதிப்பகம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. சரிங்க என்றேன்.