புளிக்குழம்பும் ஒரு ழகரமும்

பாடாமல் எனக்குச் சமைக்க வராது. புளிக்குழம்பு என்றால் களையெடுப்புப் பாட்டு மூன்று. அதற்குள் எண்ணெய் பிரிந்து மேலே வந்துவிடும். கடிகாரம் கூடத்தில் கிடக்கிறது, அடுப்படிக்கு அது தேவைப்பட்டதில்லை. மேடையில் பாடுகிற நாளில் கம்மங்கூழ்தான் குடிப்பேன். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா எனக்கு உயிர், ஆனால் அதைத் தின்றுவிட்டு மேடையேறினால் குரல் வழுக்கிக்கொண்டு போய்விடும். பட்டறிந்துதான் சொல்கிறேன்.

பிறந்தது மல்லாங்கிணறு, வாக்கப்பட்டது சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தம். வானம் கறுத்தால் பிறந்த வீட்டில் விதைக்கலாம் என்று சிரிப்பார்கள். புகுந்த வீட்டிலோ வெடி காயாது, வேலை நின்றுபோகும் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். இரண்டு பக்கமும் பல்லைக் காட்டிப் பழகியவள் நான். என் பாட்டு மட்டும் பிறந்த வீட்டுக் கட்சி. மழையைக் கூப்பிடுகிற பாட்டு, நானே கட்டியது. கோயில் பொங்கலில் அதைக் கேட்காமல் கூட்டம் கலையாது.

போன வருடம் மதுரையில் ஓர் இசையமைப்பாளர் அதைப் பதிவுசெய்யக் கூப்பிட்டார். சின்ன வயசு, மரியாதையான மனிதர். ஒரு முறை பாடச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தயங்கினார்.

"பாட்டு பிரமாதம்மா. ஆனா 'மளையே மளையே'ன்னு பாடுறீங்க. 'ழ' சுத்தமா வரணும். பத்து நாள் பழகிட்டு வாங்க. வரலைன்னா வேற பாடகியை வச்சுக்கலாம். பாட்டு கட்டுனது நீங்கன்னு பேர் போட்டுடுறேன்."

பேர் யாருக்கு வேண்டும்? என் பாட்டை இன்னொருத்தி வாயிலா கேட்பது? பஸ் சிவகாசி வந்து சேரும்வரை நாக்கை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரம்மா பல்வலியா என்று விசாரித்தார்.

மறுநாளிலிருந்து அடுப்படியில் பயிற்சி. மடிந்த நாக்கு நிமிர மறந்தது. வரக்கூடாத இடத்தில் எல்லாம் ழ வந்தது. வரவேண்டிய இடத்தில் சில நேரம் ஓடி ஒளிந்துகொண்டது. காலண்டர் அச்சடிக்கும் கம்பெனியிலிருந்து பசியோடு வந்து உட்கார்ந்த வீட்டுக்காரரிடம், "புழிக்குளம்பு ஊத்தவா?" என்றேன்.

"குளம்பா? ஆட்டுக் குளம்பா, மாட்டுக் குளம்பா?" என்றார் மனுஷன், சிரிக்காமல்.

கடையில் போய் வெழ்ழைப்பூண்டு கால் கிலோ கேட்டேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது இன்னும் லோடு வரலக்கா" என்றார்.

பத்தாம் நாள் மதுரையில் மைக் முன்னால் நின்றேன். "மழையே மழையே" என்று தொடங்கியதும் இசையமைப்பாளர் கட்டைவிரலை உயர்த்தினார். அடுத்த அடி, பிள்ளைகள் பசிக்கு வெள்ளமாக வரச் சொல்கிற அடி. "பிழ்ழைக பசிக்கு வெழ்ழமா வா" என்று உயிரைக் கொடுத்துப் பாடினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நான்கு தடவை பாடியும் அதே கதை. "ரொம்பக் கஷ்டப்படுறீங்கம்மா. விட்டுருங்க, வேற ஆளைப் பாத்துக்கிடுறேன்" என்றார். அவர் கனிவாகச் சொன்னதுதான் என் கோபத்தைக் கிளப்பியது.

"தம்பி, கோவிச்சுக்கிடாதீக. மளையப் பாத்து நான் கூப்பிடுற பாட்டு இது. பெறந்ததுலருந்து மளைன்னுதேன் கூப்பிட்டுருக்கேன். இன்னிக்கு வேற மாதிரி கூப்பிட்டா, நம்மளக் கூப்பிடல போலன்னு அது வேற ஊருக்குப் போயிராதா?"

அவர் சிரித்துவிட்டு, "பாடுங்கம்மா, உங்க வாய்க்கு வர்றபடி" என்றார். ஒரே மூச்சில் பாடி முடித்தேன்.

பதிந்ததைக் கேட்கச் சொல்லி ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டார். "மளையே" என்று ஒருத்தி கூப்பிட்டாள், அதட்டலும் கொஞ்சலுமாக, வீட்டு ஆளைக் கூப்பிடுகிற உரிமையோடு. அது நான்தான் என்று விளங்கச் சற்று நேரமானது. எனக்கு அவளை மிகவும் பிடித்துப்போய்விட்டது.