லோகேஸ்வரியின் ரப்பர் பேண்டுகள்

கட்டில் கட்டிலாகக் குனிந்து பார்த்தபடி போவார் லோகேஸ்வரி. தரையில் போன் சார்ஜர் ஒயர் கிடந்தால் உருவி, விரல்களில் சுற்றி, ரப்பர் பேண்ட் மாட்டி உரியவர் கையில் கொடுத்துவிடுவார். "அங்கிள், இது வார்டு லா. கொடி கட்டித் துணி காயப்போடற எடமா?" ரப்பர் பேண்டெல்லாம் காலைச் சாப்பாட்டுக்கு வாங்கும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களில் வந்தவை. சீருடைப் பையில் எப்போதும் ஒரு கொத்து இருக்கும்.

கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடமாகத் தாதி. மூன்று மாதத்துக்கு முன், மணிச் சத்தம் கேட்டு எட்டாம் கட்டிலுக்கு ஓடியபோது ஓர் ஒயர் அவர் காலை வாரிவிட்டது. வலது கையை ஊன்றி விழுந்தார். அந்த ஒயர் யாருடையது? சாட்சாத் அவருடையதுதான். காலையில் தாதியர் மேசையில் அவரே மாட்டிய சார்ஜர்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. யாரிடமும் மூச்சுவிடாமல், வீங்கிய கையைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் இடது கையால் சமாளித்தார். இந்த வீம்பை என்னவென்று சொல்வது! நோயாளி குறிப்பேடுதான் காட்டிக்கொடுத்தது. தலைமைத் தாதி ஷாமினி அதைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "அக்கா, இது ஒங்க எழுத்தா? கோழி கிண்டுன மாதிரி இருக்கு. எங்க, கையக் காட்டுங்க!"

மணிக்கட்டு முறிந்திருந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் விரல்கள் மடங்க மறுத்தன. கையில் பழைய பிடி திரும்பாவிட்டால் கீழே பதிவு கவுண்டருக்கு மாற்றிவிடுவார்கள் என்று பேச்சு. வலியைவிட அதுதான் அவருக்குப் பயம். "வர்றவங்க அடையாள கார்டு, ஐசி, வாங்கிப் பதிஞ்சு குடுக்கறதுக்கா நான் நர்சுக்குப் படிச்சேன்?" வீட்டில் தினமும் ஈரத் துண்டைப் பிழிவார், அழுவார், மறுபடி பிழிவார்.

நேற்று, அவருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் குகன் தன் கையை நீட்டி, "நல்லா அமுக்குங்க" என்றார். அமுக்கினார். "ஐயோ, போதும் சிஸ்டர்! நாளைக்கே வார்டுக்குப் போங்க!" அப்பாடா! வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களைப் பார்த்தெல்லாம் சிரித்தார்.

இன்று காலை வேலைக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் போனை மேசையில் சார்ஜில் போட்டுவிட்டு இரண்டடி நடந்தார். நின்றார். திரும்பி வந்து ஒயரை உருவினார். வலது கை விரல்கள் ஒவ்வொன்றாய் மடங்க, அதைச் சுற்றி, ரப்பர் பேண்ட் மாட்டி, எதிரே வந்த ஷாமினியின் உள்ளங்கையில் வைத்தார். "வேல முடியற வரைக்கும் இது ஒங்ககிட்டயே இருக்கட்டும்."