பாதிக் கல்

மலேசியாவில், ஈப்போவை அடுத்த சிம்பாங் பூலாய்க்குப் பக்கத்தில் இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். நாங்கள் குடியிருந்த வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் சுண்ணாம்புக்கல் மலை, அதில் ஒரு கல்குவாரி. எண்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போவில் வீடுகளும் சாலைகளும் பெருகப் பெருக, காலையில் ஒரு தடவை மட்டும் வைத்த வெடியைப் பகல் முழுக்க வைக்கத் தொடங்கினார்கள். ஒருநாள் நான் பால்வெட்டு முடித்து வீடு திரும்பிய நேரம், தேங்காயளவு கல் ஒன்று பக்கத்து வீட்டுத் தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு இறங்கியது. சோறு வடித்துக்கொண்டிருந்த அந்த வீட்டு அக்காவின் தாடை நொறுங்கிப்போனது. கஞ்சியும் இரத்தமும் கலந்து வாசல்வரை ஓடின.

மறுநாள் பெண்கள் நாங்கள் கல்குவாரியின் லாரிப் பாதையில் உட்கார்ந்தோம். குவாரியை மூடச் சொல்லவில்லை. பழையபடி காலையில் ஒரே வெடி, அதற்குமேல் மலையை உடைக்காதே என்றுதான் கேட்டோம். மேற்பார்வை பார்த்த மண்டோர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. லாரிக்காரர்களிடம் சத்தமாகச் சொன்னான்.

“கல்லு கொறஞ்சா பாதி ஆள நிப்பாட்டிருவோம்லா. யாரு போறதுன்னு நீங்களே பேசிக்குங்க.”

அந்த லாரிக்காரர்களில் என் அண்ணனும் ஒருவன். நேராக என் முன்னால் வந்து நின்றான்.

“எந்திரி புள்ள.”

“வெடியக் கொறைக்கச் சொல்லுண்ணே, எந்திரிக்கிறேன்.”

“எனக்கு வேலை போச்சுன்னா எம்புள்ளைங்களுக்கு நீயா சோறு போடுவ?”

நான் அசையவில்லை. லாரியிலிருந்து இரும்புக் கம்பியை உருவிக்கொண்டு வந்தான். தலையைக் காக்கக் கையைத் தூக்கினேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. மற்ற ஆண்களும் பாய்ந்தார்கள். தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள், வயிற்றில் மிதித்தார்கள். பெண்கள் சரளைக் கல்லை அள்ளி வீசியதில் ஒருவன் நெற்றி பிளந்தது. அடித்தவர்கள், அடிபட்டவர்கள் எல்லாரும் ஒரே லயத்து ஆட்கள்.

அண்ணனே என்னைத் தூக்கி லாரியில் போட்டு ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டினான். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தான். பக்கத்து வீட்டு அக்காவும் அதே வார்டில் கிடந்தார். தாடையைக் கம்பியால் இறுக்கியிருந்தார்கள். பேச முடியாமல் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் உட்காராமல் வெளியே போய்விட்டான்.

அந்த வாரமே அண்ணன் லாரிக் கொட்டகையில் மற்ற லாரிக்காரர்களிடம் பேசியிருக்கிறான்.

“யாரையும் நிப்பாட்ட வேணாம். ஒருநாள் விட்டு ஒருநாள் ஓட்டுவோம். எல்லாரும் இருப்போம்லா.”

“பாதிச் சம்பளத்துல மண்ணத் திங்கவா?” என்று ஒருவன் ஜாக்கிக் கம்பியால் அவன் விலாவில் அடித்தான். கீழே விழுந்தவனை மூன்று பேர் உதைத்தார்கள். இரத்தம் துப்பிக்கொண்டே அதையே திரும்பச் சொன்னானாம்.

கட்டுப் போட்ட கையோடு நான் மறுபடி பாதையில் உட்கார்ந்தேன். இந்த முறை அண்ணனோடு இன்னும் சில ஆண்களும் லாரியை எடுக்க மறுத்தார்கள். கல் நகரவில்லை. கடைசியில் குவாரி முதலாளியான தவுக்கே இறங்கி வந்தார். காலையில் ஒரு வெடி, எல்லாருக்கும் பாதி வேலை.

சம்பளம் சுருங்கியது. சீட்டு நின்றது, இறைச்சி குறைந்தது. ஓட்டாத நாட்களில் அண்ணன் லயத்துக்குப் பின்னால் மரவள்ளி நட்டான். யாரோ ஒரு இரவில் அத்தனையையும் வெட்டிப் போட்டார்கள். திரும்ப நட்டான். பூமி சூடாகிறது, உற்பத்தியைக் குறையுங்கள் என்று இப்போது தொலைக்காட்சியில் பொறுமையாகப் பேசுகிறார்கள். அப்போது எங்களுக்கு அந்தப் பேச்செல்லாம் தெரியாது. கூரையில் கல் விழக் கூடாது, யாருக்கும் வேலை போகக் கூடாது, அவ்வளவுதான்.

தோட்டம் கைமாறி லயம் காலியாகும்வரை அந்த ஏற்பாடு நின்றது. அண்ணன் என்னிடம் மன்னிப்புக் கேட்டதே இல்லை. என் கை சரியாகும்வரை தினமும் விடியுமுன் வந்து, என் பங்கு ரப்பர் மரங்களில் அவன்தான் பால் வெட்டினான்.