டாக்டர் சீட்டுக்கு முட்டை தந்த செல்லப்பன் அண்ணாச்சி

செல்லப்பன் அண்ணாச்சி இறந்துவிட்டார். நேற்று சாயங்காலம் வாட்ஸ்அப்பில் மெசேஜ் வந்தது... நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே.

மணவாளக்குறிச்சியில் நாங்கள் போகிற கிளினிக்குக்கு எதிரே காய்கறிக் கடை வைத்திருந்தவர். நெற்றியில் எப்போதும் நாமம் இருக்கும்.

எங்கள் இளையவள் ஜெனிக்கு இரண்டு வயதாகியும் எடை கூடவே இல்லை. டாக்டரம்மா டானிக் எழுதவில்லை. முட்டை, சிறுபயறு, ஏத்தன்பழம், முருங்கைக்கீரை என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதைக் காட்டினால் அண்ணாச்சி கடையில் வாராவாரம் சாமான் சும்மா கிடைக்கும், காசைக் கிளினிக் கொடுத்துவிடும்.

முதல் நாள் நான் அதைக் கொண்டுபோய் மெடிக்கலில் நீட்டினேன். மெடிக்கல்காரர் சிரித்துவிட்டார். எதிர்க்கடையிலிருந்து ஒரு குரல்... "மக்களே, அந்த மருந்து இஞ்ச உண்டு. வா."

அப்போது கடல் சரியில்லை. வீட்டுக்காரர் முட்டத்தில் மீன்பிடிக்கப் போகாமல் ஒரு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் கிழங்கும் பாலில்லாத கட்டன்சாயாவும்தான். இளையவளுக்கு முட்டையை உரித்தால் மூத்தவள் பார்ப்பாள். கேட்க மாட்டாள்... பார்ப்பாள்.

இரண்டாக வெட்டினேன். பல நாள் மூத்தவளுக்குத்தான் பெரிய துண்டு.

எடை கூடவில்லை. சீட்டை நிறுத்திவிடுவார்களோ என்று பயம். பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்காதவள் என்று எழுதிவைத்துவிடுவார்களோ என்று அதைவிடப் பயம்.

அடுத்த தடவை எடை பார்ப்பதற்கு முன்னால், அண்ணாச்சி கடை ஓரத்தில் நின்று ஜெனிக்குத் தண்ணீர் கொடுத்தேன். அரை பாட்டில். வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டியவளை அமுக்கிப் பிடித்துக்கொண்டு. அவ்வளவையும் வெண்டைக்காய்க் கூடைமேல் கக்கிவிட்டாள்.

அண்ணாச்சி கூடையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"எடை காட்டவா ஏட்டி இந்தத் தண்ணி? அப்பம் முட்டைய ஆரு தின்னா?"

அழுகை வந்துவிட்டது. எல்லாம் சொன்னேன்.

"இத டாக்டரம்மாட்ட சொல்லு."

"சீட்ட நிப்பாட்டிருவாவ அண்ணாச்சி."

"காய்ச்சல் கொறையலன்னா மருந்த நிப்பாட்டுவாவளா? கூட்டித்தானே தருவாவ. வா, நானும் வாறேன்."

கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். டாக்டரம்மா முன்னால் எனக்கு நாக்கு எழும்பவில்லை. அவர்தான் சொன்னார். "வீட்டுல பிள்ளைய ரெண்டு உண்டு டாக்டரே. ஒண்ணுக்கு எழுதினா ரெண்டும் தின்னத்தான் செய்யும்."

டாக்டரம்மா திட்டவில்லை. அன்றைக்கே மூத்தவள் பெயரிலும் ஒரு சீட்டு கிடைத்தது.

ஏத்தன்பழம் கொஞ்சம் கறுத்திருந்தால்கூட எங்களுக்குத் தரமாட்டார். "மருந்துல அழுகல் தரலாமா?" என்பார். நல்லதாகப் பார்த்து எடுத்து வைத்திருப்பார்.

இன்று அடக்கத்துக்குப் போயிருந்தேன். சீட்டுக்குச் சாமான் வாங்குகிற அம்மாக்கள் ஏழெட்டுப் பேர் ஒரே இடத்தில் நின்றோம். இனி எந்தக் கடை என்று ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. சாவு வீட்டில் அதைக் கேட்க முடியுமா?

என் பர்ஸுக்குள்ளும் சீட்டு இருந்தது. நன்றாக அழுதேன்... அவருக்காக அழுதேனா, பிள்ளைகள் சாப்பாட்டை நினைத்து அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி.

சனிக்கிழமை எடை பார்க்கிற நாள். ஜெனிக்குப் போன வாரம் முழுக்கக் காய்ச்சல். இடுப்பில் தூக்கும்போதே தெரிகிறது, குறைந்திருக்கிறாள். பயமாக இருக்கிறது.

இந்தத் தடவை உள்ளே நான் தனியாகத்தான் போக வேண்டும்.

போய் வாங்க அண்ணாச்சி.