என் வண்டிக்கு இரண்டு மெக்கானிக்குகள்

ஜெர்மனியில், என் வீட்டு வாசலில், என் சொந்தக் காருக்கு அடியில் நான் படுத்திருந்தபோது பக்கத்து வீட்டு ஹெர் ஃபோகல் குனிந்து பார்த்து, ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், ஆயில் மாற்றப்போகிறேன் என்றேன். அதுவரை அவர் முகத்தில் இருந்த இரக்கம் போன இடம் தெரியவில்லை. நான் செத்துக் கிடந்திருந்தால்கூட மனிதர் அவ்வளவு பதறியிருக்க மாட்டார். ஒரு சொட்டு எண்ணெய் தரையில் விழுந்தால் நிலத்தடி நீர் என்ன கதியாகும், நகராட்சி என்னை என்ன செய்யும் என்று பொறுமையாக விளக்கினார். அந்த நேரம் பார்த்து, டயரில் சாய்த்து வைத்திருந்த ஃபோனிலிருந்து சிக்கந்தர், "யாரு மாப்ள அது, வீட்டு ஓனரா?" என்று சத்தமாகக் கேட்டான். காருக்கு அடியில் இன்னொரு ஆளும் கிடப்பதாக நினைத்து ஹெர் ஃபோகல் அவனுக்கும் ஒரு 'குட்டன் டாக்' சொன்னார்.

சிக்கந்தர் கிடந்தது அங்கே இல்லை, தேனி மாவட்டத்துக் கம்பத்தில். கேரளத்துக்கு மலையேறும் கம்பம்மெட்டு ரோட்டில் ஜீப் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு விடிகாலையில் ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளில் பாதி அவன் கை பட்டவை. பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவன், என்னைவிட ஒரு வயது மூத்தவன். அவன் என்னை மாப்ள என்பான், நான் அவனை மாமா என்பேன். அவன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பெண் கொடுத்ததும் இல்லை, எடுத்ததும் இல்லை. எங்கள் பக்கத்தில் அதற்கெல்லாம் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

நாற்பத்தைந்து வயதில் எனக்கு ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று கேட்காதவர்கள் குறைவு. என் மனைவி செல்வி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். உண்மையான காரணத்தை இங்கேதான் எழுதுகிறேன். கல்லூரிக் காலத்தில், எட்டுப் பேர் உட்கார வேண்டிய ஜீப்பில் பதினெட்டில் ஒருவனாக, மடியில் யாரோ ஒருவர் வீட்டுப் பலாப்பழத்தோடு எத்தனையோ முறை மெட்டு ஏறியிருக்கிறேன். பின் சீட்டே இல்லாத ஒரு வண்டி வேண்டும் என்பது அப்போதே எடுத்த முடிவு. அதனால், யாரோ ஓட்டி அலுத்த, கூரை மடங்கும், இரண்டே இருக்கைகள் கொண்ட ஒரு கார் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்ததும் வாங்கிவிட்டேன். ஃபோனில் அதைப் பார்த்த ஜீப் டிரைவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: மிச்சப் பேர் எங்கே உட்காருவார்கள்?

வாங்குவது சுலபம், பராமரிப்பதுதான் பாடு. முதல் வருடம் கம்பெனியின் சொந்த சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோனேன். சாவியை வாங்கிக்கொண்டு, காபி கொடுத்து, தோல் சோபாவில் உட்காரச் சொன்னார்கள். எனக்கு உட்காரத் தெரியவில்லை. கம்பத்தில் வண்டிக்காரன், பானெட் திறந்ததிலிருந்து மூடும் வரைக்கும் மெக்கானிக் பக்கத்திலேயே நிற்பான். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான், டார்ச் பிடிப்பான், டீ வாங்கிக் கொடுப்பான். கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்கி, எல்லாம் புரிந்தவன் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்ப்பான். நம்பிக்கை இல்லாமல் இல்லை, அது ஒரு மரியாதை. இங்கே, உள்ளே வந்து நிற்கலாமா என்று கேட்டால் இன்சூரன்ஸ் இடம் கொடுக்காது என்றார்கள். எனவே கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் இரண்டரை மணி நேரம் நின்றே பார்த்தேன். நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்து இரண்டாவது காபி வந்தது. அப்புறம் கேக் வந்தது. அப்புறம் மேனேஜரே வந்து, எங்களிடம் என்ன குறை என்று கேட்டார். குறை ஒன்றும் இல்லை, என் வண்டியைத் துணையில்லாமல் விட மனசில்லை என்று சொல்ல நினைத்தேன். எனக்குத் தெரிந்த ஜெர்மனில், என் கார் தனியாக இருக்கப் பயப்படும் என்றுதான் வந்தது. அதன் பிறகு அவர்கள் என்னோடு மெதுவாகவும் தெளிவாகவும் பேசினார்கள்.

இதைச் சிக்கந்தரிடம் சொன்னபோது, தன்னையே வெளியில் நிறுத்தியதுபோலக் கொதித்தான். "வண்டிய நம்ம கண்ணுல காட்டாம அங்கன உள்ள வச்சு என்னத்தப் பாக்குறாக? நீ ஃபோனத் திருப்பு மாப்ள. நான் சொல்றேன், நீ செய்யி." அப்படி ஆரம்பித்ததுதான் ஹெர் ஃபோகலிடம் மாட்டிய அந்த ஆயில் வேலை. வாசலில் கூடாது என்று தெரிந்ததும், ஊருக்கு வெளியே, லிஃப்ட்டும் கருவிகளும் வாடகைக்குக் கிடைக்கும் 'மீட்வெர்க்‌ஷ்டாட்' ஒன்றைக் கண்டுபிடித்தேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் அங்கே. கம்பத்தில் அப்போது பகல் ஒன்றரை, அவன் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பான். அவன் சொல்லச் சொல்ல நான் கழற்றுவேன். அவன் பின்னால் டிரைவர்கள் கூடி நின்று, வண்டியின் வயிறு தரையைத் தொடுகிறதே, மெட்டில் முதல் வளைவே தாங்காதே என்று விமர்சிப்பார்கள். ஒரு வருடம் அமர்க்களமாகப் போனது. வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் வாய் மூடி இருப்பவனுக்கு, சனிக்கிழமைகளில்தான் ஊர்ச் சத்தம் காதில் விழுந்தது.

கெடுத்தது நான்தான். முன் பிரேக் பேடு மாற்றிய அன்று, நடுவில் ஃபோன் வழுக்கிக் கவிழ்ந்தது. எடுத்து நிமிர்த்தச் சோம்பல்பட்டு, மாட்டிவிட்டேன் மாமா என்று மட்டும் சொன்னேன். மாட்டியிருந்தேன், உள் பக்கம் வெளிப் பக்கமாக. மறுநாள் செல்வியோடு ஒரு மலைச் சரிவில் இறங்கும்போது, இரும்பும் இரும்பும் உரசும் சத்தத்தில் ஆடுகள் திரும்பிப் பார்த்தன. நல்லவேளை, வண்டி எப்படியோ நின்றது. செல்வி தேனி அல்லிநகரத்துக்காரி. அவள் கத்தவில்லை. கதவைத் திறந்து இறங்கி, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, "இனிமேயும் ஃபோன்லதான் பிரேக்கு பாப்பீகன்னா, நான் பஸ்ல வாறேன். நீங்களும் ஒங்க சிக்கந்தர் அண்ணனும் கார்ல வாங்க" என்றாள்.

அப்படித்தான் மாரெக்கிடம் போனேன். போலந்திலிருந்து வந்து இருபது வருடமாகத் தனியாக ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் நடத்துபவர். அவருடைய ஜெர்மன் என்னுடையதைவிடக் கொஞ்சம்தான் தேவலை. பக்கத்தில் நிற்கலாமா என்று தயங்கிக் கேட்டேன். ஒரு விளக்கை என் கையில் கொடுத்து, பிடி என்றார். அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன், இனி என் வண்டிக்கு இந்தக் கைதான் என்று.

சிக்கந்தரிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், பிரேக் கோளாறுக்குத் தான்தான் காரணம் என்று எடுத்துக்கொள்வான் என்பது ஒரு பாதி. ஃபோனை நிமிர்த்தாத சோம்பேறித்தனத்தை ஒப்புக்கொள்ள வெட்கம் என்பது இன்னொரு பாதி. தவிர, எங்கள் ஊரில் மெக்கானிக்கை மாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. டிராக்டரை வேறு ஆளிடம் விட்ட என் சித்தப்பா, பழைய மெக்கானிக் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பு வருவதற்கு முன்பே போய் நின்று, மூன்று பந்தி பரிமாறிய பிறகுதான் அந்த மனிதர் முகம் கொடுத்துப் பேசினார். இந்த ஜெர்மன்காரர்கள் ஒரு கடிதம்கூட இல்லாமல் டாக்டரையே மாற்றுகிறார்கள்.

ஆகவே நடிக்க ஆரம்பித்தேன். மாரெக் வேலையை முடித்ததும், பத்து நிமிடம் லிஃப்ட்டில் ஏற்றிய காருக்கு அடியில் நிற்க அனுமதி கேட்பேன். சிக்கந்தரை ஃபோனில் கூப்பிட்டு, அவன் பார்க்க ஒரு நட்டைக் கழற்றுவேன், அதையே திரும்ப மாட்டுவேன். அவன், அப்படித்தான், கொஞ்சம் இறுக்கு என்பான். மாரெக் தூரத்தில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அமைதியாக நிற்பார். நான் ஏதோ பிரார்த்தனை செய்கிறேன் என்று அவர் நினைத்தது பிறகுதான் தெரிந்தது. பத்து மாதம் இந்தக் கூத்து நடந்தது.

போன மாதம் விடுமுறையில் கம்பம் போனேன். காரைக் கிளட்ச் வேலைக்கு மாரெக்கிடம் விட்டிருந்தேன். ஒர்க்‌ஷாப் வாசலில் புது ஃபிளெக்ஸ் போர்டு தொங்கியது. நடுவில் என் காரின் படம், மேலே கொட்டை எழுத்தில் 'இங்கு வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் சர்வீஸ் செய்யப்படும்'. வாசலிலேயே நின்று அதை இரண்டு முறை படித்தேன். உள்ளே ஒரு மஞ்சள் கார் நின்றது. என் காரின் அதே கம்பெனி, அதற்குத் தம்பி மாதிரியான புது மாடல். மலைமேல் கேரளப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் ஜோபி என்ற இளைஞர், பின் பிரேக்கில் சத்தம் வருகிறதென்று போர்டைப் பார்த்துக் கொண்டுவந்திருந்தார். வேலை முடிந்ததும் மெட்டு ஏற வேண்டிய வண்டி. "சரியான நேரத்துக்கு வந்த மாப்ள. இவுக கார நீதான் பக்கத்துல இருந்து சொல்லணும்" என்று சிக்கந்தர் என் தோளில் கை போட்டான்.

சக்கரத்தைக் கழற்றினான். ஜீப்புக்குச் செய்வதுபோலக் கிளாம்ப்பை வைத்து, பிரேக்கின் பிஸ்டனை அழுத்தி உள்ளே தள்ளப்போனான். இந்த வண்டிகளின் பின் பிரேக்குக்குள் ஒரு சின்ன மோட்டார் இருக்கிறது. முதலில் அதைத் தளர்த்தாமல் அழுத்தினால் உடைந்துவிடும். மாரெக்குக்கு விளக்குப் பிடித்து நின்றதால் எனக்கு அது தெரியும்.

"மாமா, அத அமுக்காத. உள்ள மோட்டார் ஒடஞ்சிரும்."

"ஒன் வண்டி பின் பிரேக்க இப்படித்தான அமுக்கி மாட்டுனேன்னு சொன்ன? நட்ட இறுக்குனத நாந்தான பாத்துக்கிட்டு இருந்தேன்."

இரண்டு ஊருக்கும் நடுவில் இத்தனை நாள் நான் கட்டி வைத்திருந்த பொய், ஒரு கிளாம்ப்பின் முனையில் வந்து நின்றது. வாயை மூடியிருந்தால் மோட்டார் போகும். யார் கண்டது, மெட்டு வளைவில் ஜோபியும் போவார். "அத நான் மாட்டல மாமா. அங்கன வேற ஒருத்தர் பாக்குறாரு" என்றேன்.

சிக்கந்தர் கிளாம்ப்பைக் கீழே வைத்தான். "எத்தன மாசமா?"

"பத்து."

"அப்ப சனிக்கெழம சனிக்கெழம நான் பாத்தது?"

ஒரு நட்டைக் கழற்றி மாட்டுவேன் என்று சொன்னேன். டிரைவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். சிக்கந்தர் சிரிக்கவில்லை. வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "சாருக்கு ஒரு சேர் எடுத்துப் போடுங்கப்பா" என்றான். முப்பது வருடத்தில் அவன் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. பாஸ்போர்ட் அலுவலகம் முதல் விமான நிலையம் வரை எத்தனையோ பேர் என்னைச் சார் என்றிருக்கிறார்கள், எதுவும் இப்படி வலித்ததில்லை. ஜோபி எழுந்துவந்து, "எந்தா சேட்டா, பிரச்சினையா?" என்றார். "இந்த மாதிரி வண்டிய நான் தொட்டதே இல்ல தம்பி. போர்டுல இருக்கது பொய்யி" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னான். பொய் என்னுடையது. அவன் அதைத் தன் கணக்கில் ஏற்றிக்கொண்டான்.

சேரில் நான் உட்காரவில்லை. மாரெக்கை வீடியோவில் கூப்பிட்டு, ஃபோனைச் சிக்கந்தர் முகத்துக்கு நேரே நீட்டினேன். மாரெக் அவனை உற்றுப் பார்த்தார். பிறகு என்னிடம், நீ பத்து மாதமாகக் கும்பிட்டது இவரைத்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன், வேறென்ன சொல்வது? அதை அப்படியே தமிழில் சொன்னபோது சிக்கந்தரின் மீசை லேசாக அசைந்தது. சிரிப்பு என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

மஞ்சள் காரின் பிரேக்கைக் காட்டினேன். மாரெக் தன் ஃபோனைத் திருப்பி, லிஃப்ட்டில் அந்தரத்தில் நின்ற என் காரின் அதே பிரேக்கைக் காட்டினார். சாவியைப் போட்டு, பெடலை அழுத்திக்கொண்டு எந்தப் பட்டனை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவர் ஜெர்மனில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். ஜோபி உள்ளே உட்கார்ந்து அப்படியே செய்தார். மோட்டார் முனகி விலகியது. அதற்கு மேல் என் மொழிபெயர்ப்பு யாருக்கும் தேவைப்படவில்லை. சிக்கந்தர் தமிழில் கேட்டான், மாரெக் போலந்து மொழியில் பதில் சொன்னார், இருவரும் ஸ்பேனரைக் காட்டித் தலையாட்டிக்கொண்டார்கள். பேடை மாட்டும் முன் சிக்கந்தர் அதைத் திருப்பி, உள் பக்கம் எது வெளிப் பக்கம் எது என்று ஃபோனுக்குக் காட்டினான். மாரெக் கட்டைவிரலை உயர்த்தினார். நான் ஒரு கையில் டார்ச்சும் மறுகையில் ஃபோனுமாக நடுவில் குந்தியிருந்தேன்.

"மாப்ள, கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளு. வெளிச்சத்த மறைக்கிற" என்றான் சிக்கந்தர்.

தள்ளினேன். உடனே ஃபோனில் மாரெக், நகரு, உன் தோள் மறைக்கிறது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று ஜெர்மனில் கத்தினார். இந்தப் பக்கம் நகர்ந்தால் அவனுக்கு மறைத்தது, அந்தப் பக்கம் நகர்ந்தால் இவருக்கு மறைத்தது. திட்டு இரண்டு மொழியிலும் விழுந்துகொண்டே இருந்தது. அவன் மறுபடி மாப்ள என்று கூப்பிட்டுவிட்டான். அந்தச் சந்தோஷத்தில், எங்கே நின்றால் யாருக்கும் மறைக்காது என்று தெரியாமல் நடுவிலேயே குந்தியிருந்தேன்.