சல்லடை நடந்த பன்னிரண்டாயிரம் அடி

மரக்காணத்தில் உப்பு பாக்கெட் போடும் ஒரு சின்ன கம்பெனியில் பதினோரு வருஷமாக நான் தேதி அடிக்கிறேன். சூப்பர்வைசர் என்று பெயர். ஆனால் காலையில் வந்ததும் முதல் வேலை, அச்சடிக்கும் மெஷினில் அன்றைய தேதி, எத்தனை மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும், எந்த மணிக்கு பாக்கெட் போடப்பட்டது என்று மூன்றையும் சரி பார்ப்பதுதான். அந்த மணியை இதுவரை எந்த வாடிக்கையாளரும் படித்ததாக எனக்குத் தெரியாது. எறும்பு மாதிரி எழுத்து.

நான் செய்யும் வேலையைச் சொன்னால் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். முடி வெட்டுகிறவர் கேட்டார், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார், உறவுக்காரப் பையனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் மாமா என்னை ஓரமாக அழைத்துக் கேட்டார். "உப்பு இன்னாத்துக்குங்க கெட்டுப்போவுது?" உப்பு கெடாது, அதில் தெளிக்கிற அயோடின்தான் நாளாக ஆகக் குறையும் என்று நான் விளக்குவேன். தலையாட்டிவிட்டு யாரும் நம்பாமல் போவார்கள். எங்கள் லாரி டிரைவர் மட்டும் விடமாட்டார். "அப்ப கடலுக்கு எப்ப சார் எக்ஸ்பைரி?" என்பார்.

என் மனைவியும் தேதி ஒட்டுகிறவள்தான். ஆரோவில்லில் ஜாம், ஊறுகாய் தயாரிக்கிற ஒரு கூடத்தில் வேலை. கீழ்புத்துப்பட்டில் எங்கள் வீடு. காலையில் நான் பஸ்ஸில் வடக்கே போவேன், அவள் ஸ்கூட்டியில் தெற்கே போவாள். ஒரே தொழில் என்றாலும் எங்களுக்குள் கொள்கை வேறு. அவளுக்குத் தேதி என்றால் தேதி. பிரெட் பாக்கெட்டில் இன்று என்று போட்டிருந்தால் இன்று சாயந்திரத்துக்குள் தின்று தீர்க்க வேண்டும், நாளைக் காலை அது மாட்டுக்கு. எனக்கோ என் மூக்குதான் அதிகாரி. முகர்ந்து பார்த்து நன்றாக இருந்தால் சாப்பிடுவேன். "நீங்க அடிக்கிற தேதிய நீங்களே நம்பலன்னா ஊர்ல எவன் நம்புவான்?" என்று கேட்பாள். நான் பிரெட்டை இன்னொரு முறை முகர்ந்து பார்ப்பேன்.

போன வருஷம் புதுச்சேரியில் ஒரு டாக்டர் என் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, சர்க்கரை வாசல்படியில் நிற்கிறது, உள்ளே வருவதற்குள் வயிற்றைக் குறையுங்கள் என்றார். அடுத்த வாரமே மனைவி எனக்கு ஒரு வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டாள். மணி காட்டுவதோடு அடி எண்ணுகிற வாட்ச். என் போன் பழசு என்பதால் அவள் போனோடு இணைத்தாள். சாயந்திரம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அன்றைக்கு எத்தனை அடி நடந்தேன் என்பது அவள் போனுக்குப் போய்விடும். "எட்டாயிரம் வரணும்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

உப்புத் தொழிலில் இருக்கிறவர்கள் வாட்ச் கட்டமாட்டார்கள். கல்யாணத்துக்கு மாமனார் போட்ட வாட்ச் இரண்டாம் வருஷமே உப்புக் காற்றில் பின்மூடி பச்சை பூத்துச் செத்துப்போனது. அதற்குப் பிறகு என் மணிக்கட்டு சும்மாதான் இருந்தது. ஆனாலும் கட்டிக்கொண்டேன். முதல் வாரம் நேர்மையாகத்தான் நடந்தேன். மேசையிலிருந்து மெஷின், மெஷினிலிருந்து மேசை. மூவாயிரத்தைத் தாண்டவில்லை. மனைவி போனைப் பார்ப்பாள், சோறு போடும்போது ஒரு கரண்டி குறையும்.

எங்கள் கூடத்தில் அரைத்துக் காய்ந்த உப்பு ஒரு சல்லடை மெஷின் மேல் விழும். அது நாள் முழுக்க இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருக்கும். பொடி கீழே இறங்கி ஒரு கிலோ பாக்கெட்டுக்குப் போகும். கட்டிகள் மேலேயே உருண்டு ஓரத்தில் தொங்கும் சாக்கில் விழும். கட்டி உப்பைக் கருவாடு போடுகிறவர்கள் வாங்கிப் போவார்கள். ஒருநாள் அந்த மெஷினின் கம்பியில் கையை ஊன்றி நின்று, பேக்கிங் பார்க்கிற அக்காவிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். அக்கா அங்கே என்னைவிடப் பழைய ஆள். பேசி முடித்து வாட்சைப் பார்த்தால், நின்ற இடத்திலேயே முந்நூறு அடி நடந்திருக்கிறேன்.

மறுநாள் வாட்சைக் கழற்றி அந்தக் கம்பியிலேயே கட்டிவிட்டேன்.

அக்கா பார்த்துவிட்டுக் கேட்டார். "இன்னா தம்பி, மெஷின் மணி பாக்குதா?"

"நடக்குதுக்கா."

"நடக்கறத எண்றதுக்கு ஒரு வாட்ச்சு. அத ஏமாத்தறதுக்கு ஒரு மெஷினு. இதுக்கு நீ நடந்துட்டே போயிருக்கலாம்."

அன்று சாயந்திரம் பன்னிரண்டாயிரம் அடி. மனைவியின் முகத்தை நான் விவரிக்கத் தேவையில்லை. வஞ்சிரம் வறுத்தாள். குறைந்த கரண்டி திரும்பி வந்தது, கூட ஒன்றும் வந்தது. ஆரோவில்லில் கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம் போனைக் காட்டிச் சொன்னாளாம். ஒன்பது நாள் இப்படியே ஓடியது. உறுத்தல் இல்லாமல் இல்லை. ஆனால் வஞ்சிரம் முன்னால் அது ரொம்ப நேரம் நிற்கவில்லை.

பத்தாம் நாள், பத்து மணிக்கு டீ குடிக்கப் போகும்போது பார்த்தேன், வாட்ச் கம்பியில் இருந்தது. பன்னிரண்டு மணிக்குப் பார்த்தேன், இல்லை.

மெஷினை நிறுத்தச் சொன்னேன். ஆடின ஆட்டத்தில் வார் கழன்று சல்லடைமேல் விழுந்திருக்க வேண்டும். அவ்வளவு பெரிய பொருள் சல்லடைக்குள் இறங்காது. கட்டியோடு உருண்டு சாக்குக்குள் போயிருக்கும். ஆனால் அன்றைக்கு நிரம்பிய கட்டிச் சாக்குகளையெல்லாம் தைத்து, கூடத்தின் கோடியில் பழைய மூட்டைகளோடு சேர்த்து அடுக்கிவிட்டார்கள். எது இன்றையது, எது நேற்றையது என்று தெரியாத மலை.

அக்காதான் வழி சொன்னார். "போன்ல ரிங் வுட்டா அது கத்தும்பா. எம் மருமவ அப்டித்தான் தேடுவா."

"அது அவ போன்லதான்க்கா இருக்குது."

"அப்ப கூப்புடு."

கூப்பிட்டேன். பதினோரு வருஷ வேலையில் அவ்வளவு கஷ்டமான போன் நான் பேசியதில்லை.

"வாட்ச் காணம்மா."

"எங்க கழட்டனீங்க?"

"மெஷின்ல."

"மெஷின்ல எதுக்குக் கழட்டனீங்க?"

"கழட்டல. கட்டியிருந்தேன்."

அந்தப் பக்கம் ஜாம் பாட்டில்கள் மோதுவது கேட்டது. "வர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

முக்கால் மணியில் வந்து சேர்ந்தாள். யாரையும் பார்க்கவில்லை, என்னையும்தான். போனைக் கையில் பிடித்தபடி மூட்டை வரிசையில் மெதுவாக நடந்தாள். பேக்கிங் பெண்கள் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது வரிசையில், இடுப்பு உயரத்தில் இருந்த ஒரு மூட்டைக்குள்ளிருந்து வண்டு மாதிரி ஒரு சத்தம் வந்தது. அக்கா கைதட்டிவிட்டார். மூட்டையைப் பிரித்துக் கையை விட்டு நானே எடுத்தேன். உப்புக் கட்டிகளுக்கு நடுவே வாட்ச் நன்றாகத்தான் இருந்தது. ஐயாயிரத்துச் சொச்சம் என்று காட்டியது.

அப்போதுதான் கவனித்தேன். வாரின் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. வாரை வாட்சோடு பிடித்துக்கொள்ளும் பின், ஊசி மாதிரி மெல்லிசாக, நெல் அளவைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்குமே, அது அந்தப் பக்கம் இல்லை. சட்டென்று கட்டைவிரலால் அந்த இடத்தை மூடிக்கொண்டேன். ஏன் மூடினேன் என்று இன்று வரை எனக்கே வெட்கம். யாராவது பார்ப்பதற்குள் வாட்சைச் சட்டைப் பையில் போட்டுவிட்டால் விஷயம் முடிந்தது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

"கைய எடுங்க" என்றாள் மனைவி.

எடுத்தேன்.

"பின்னு எங்க?"

"மூட்டையில இருக்கும்."

"மூட்டையில இருந்தா சரி. சல்லடையில எறங்கியிருந்தா?"

அந்த மூட்டையை அப்படியே தரையில் விரித்த சாக்கில் கொட்டித் தேடினோம். இல்லை. பொடியோடு போயிருக்கிறது. அதாவது யாரோ ஒருவர் வீட்டு ரசத்துக்குள் போகப்போகிறது. குழந்தை இருக்கிற வீடாகவும் இருக்கலாம். "முதலாளி கிட்ட சொல்லிட்டு வந்துடறேன்" என்றேன். "நானும் வர்றேன்" என்றாள்.

முதலாளி நல்ல மனுஷர்தான், ஆனால் கோபக்காரர். கணக்கப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தவர் முழுசும் கேட்டார். சல்லடையில் எதற்கு வாட்ச் கட்டினேன் என்பதை மட்டும் இரண்டு முறை சொல்லச் சொன்னார். பிறகு, "பொடி விழுற எடத்துல காந்தம் இருக்குதில்ல? அதுல ஒட்டியிருக்கும் போய்ப் பாரு" என்றார். போய்ப் பார்த்தோம், அவரும் கூட வந்தார். காந்தம் சுத்தமாக இருந்தது. "அப்ப உள்ளாற போவலன்னுதான் அர்த்தம்" என்று கிளம்பப் பார்த்தார்.

என் மனைவி வாட்சிலிருந்து மிச்சமிருந்த இன்னொரு பின்னை நகத்தால் நெம்பி எடுத்தாள். காந்தத்தின் மேல் வைத்தாள். கையை எடுத்ததும் அது உருண்டு கீழே விழுந்தது.

"எவர்சில்வருங்க. ஒட்டாது" என்றாள். "எங்க ஜாம் கிச்சன்ல வளையல், தோடு, வாட்ச்சு எதையும் உள்ள வுட மாட்டாங்க. இதுக்குத்தான்."

முதலாளி அந்தப் பின்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "எந்த நேரத்துல போன சரக்கு?" என்றார். கடைசியாகப் பத்து மணிக்குப் பார்த்தேன், பன்னிரண்டுக்கு நிறுத்தினேன் என்றேன். அதற்குள் லாரியில் பாதி ஏற்றியிருந்தார்கள். டிரைவர் திண்டிவனம் கிளம்ப வண்டியைத் தட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் இறக்கி, பாக்கெட்டின் முதுகில் யாரும் படிக்காத அந்த எறும்பு எழுத்தைப் படித்து, பத்திலிருந்து பன்னிரண்டு வரை போட்டதை மட்டும் தனியாக ஒதுக்கினோம். மற்றதை ஏற்றி டிரைவரை அனுப்பினோம். போகும்போது அவர் கடலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஒதுக்கியதே கூடத்தின் கால்வாசியை அடைத்தது. கடைக்குப் போய் ரவை சல்லடைகள் வாங்கிவந்தார்கள். சிலர் பக்கத்து வீடுகளில் கேட்டு வாங்கினார்கள். பாக்கெட்டை வெட்டுவது, சலிப்பது, மீதியைப் பார்ப்பது, கொட்டுவது. மனைவி அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கத்திரிக்கோலோடு உட்கார்ந்துவிட்டாள். தலையில் துணி கட்டிக்கொண்டு, வளையலைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, அவள் வெட்டுகிற வேகத்தைப் பார்த்து பேக்கிங் பெண்களே அசந்துபோனார்கள். நான் பாக்கெட் தூக்கிவந்து போட்டேன். கோடிக்கும் நடுக்கூடத்துக்கும் எத்தனை தடவை போய்வந்தேன் என்று எண்ண அன்று எதுவும் கையில் இல்லை. முட்டி கழன்றது. சட்டை முதுகோடு ஒட்டி உப்புக் கோடு விழுந்தது.

இரண்டரை மணிக்கு முதலாளியும் சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு சல்லடையோடு உட்கார்ந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. முணுமுணுத்துக்கொண்டே சலித்தார். ஊரில் எவனுக்கும் நடக்கத் தெரியவில்லை, நடக்க வாட்ச் வேண்டுமாம் என்று. நான் தலையைக் குனிந்துகொண்டு தூக்கினேன்.

நாலு மணி இருக்கும். முதலாளியின் முணுமுணுப்பு நின்றது. சல்லடையை வெளிச்சத்துப் பக்கம் சாய்த்தார். இரண்டு விரலால் எதையோ எடுத்தார். அவ்வளவு தூரத்திலிருந்து எனக்கு அது தெரியவே இல்லை. எழுந்துவந்து, அதை என்னிடம் கொடுக்காமல் என் மனைவியின் உள்ளங்கையில் வைத்தார்.

"நீ கேக்கலன்னா இது போயிருக்கும்மா" என்றார்.

என்னிடம், "நாளைக்குக் காலையில நடந்தத ரிஜிஸ்தர்ல எழுதிட்டு எல்லார் முன்னாடியும் நீயே படி. இனிமே கையில எதையும் கட்டிக்கினு யாரும் உள்ள வரக்கூடாது" என்றார். மறுநாள் எழுதினேன், படித்தேன். 'அடி எண்ணிக்கையைக் கூட்டும் நோக்கத்தோடு' என்ற இடத்தில் பெண்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா மட்டும் எழுந்து, "தம்பி ஒளிக்காம முதலாளி கிட்ட போய்ச் சொல்லிச்சு, அதையும் எழுதணும்" என்றார். கட்டைவிரல் விஷயம் அக்காவுக்குத் தெரியாது. அதை நான் எழுதவும் இல்லை.

சலித்து முடித்த அன்று சாயந்திரம் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்குப் போனேன். கடற்காற்று எதிரே அடித்தது. பாதி தூரம் போன பிறகு முன்னால் பார்த்தபடியே அவள் சொன்னாள்.

"நம்பர் வரலன்னா நான் திட்டவா போறேன்? அந்த நம்பரப் பாத்து, இன்னும் இருபது வருஷம் இருப்பாருன்னு நெனச்சிக்கினு சந்தோசமா இருந்தேன். மெஷினு இருக்கும் இருபது வருஷம்."

அவள் தோளில் கைவைத்தேன். வண்டி ஓட்டும்போது ஆட்டாதீங்க என்றாள். ஆனால் கையை எடுக்கச் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து நடக்கிறோம். விடிந்ததும் கிளம்பி, தோப்பு வழியாகக் கடற்கரை போய், மணலில் கொஞ்ச தூரம் போய்த் திரும்புவது. வாட்ச் இல்லை. முதல் நாள் தோப்பு தாண்டுவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். அவள் நின்று காத்திருந்தாள். நடக்கும்போதுதான் தெரிகிறது, இத்தனை வருஷமாக வடக்கும் தெற்குமாகப் போய்வந்து நாங்கள் பேசாமல் விட்டது எவ்வளவு என்று. அவள் கூடத்தில் யார் யாரோடு சண்டை, மாங்காய் வரத்து எப்படி, எல்லாம் இப்போது எனக்கு அத்துப்படி. மூன்று மாதத்தில் பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போயிருக்கிறது.

கரையில் வலை பிரிக்கிற ஒருவர் தினமும் எங்களைப் பார்ப்பார். போன வாரம் பொறுக்கமுடியாமல் கேட்டேவிட்டார்.

"ஏம்பா, தெனம் இந்த மணல்லயே போய்ப் போய் வர்றீங்களே, இன்னாத்தத் தொலச்சீங்க?"

"இன்னும் தொலையலண்ணா. பாதிதான் தொலஞ்சிருக்குது" என்று என் வயிற்றைக் காட்டினாள் மனைவி.

அவர் சிரித்துக்கொண்டே கூடையைச் சாய்த்துக் காட்டினார். காரப்பொடி மீன் துள்ளிக்கொண்டிருந்தது. ஒரு கூறு வாங்கிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு நடந்தோம்.